பழைய மெயில், புது விண்டோஸ்: எங்கே சறுக்கினால் எப்படி மீட்பது

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14-ஆம் திகதியோடு நிறுத்தியது. அதிலிருந்து என்னிடம் வருகிற கேள்விகள் அநேகமாக ஒரே மாதிரி: புது மெஷின் வாங்கியாச்சு, விண்டோஸ் 11 நன்றாக ஓடுகிறது, பழைய மெயில் எங்கே? இதில் விண்டோஸ் 10-லிருந்து வருகிறவர்கள் பாடு பரவாயில்லை. புறக்கோட்டையில் கடையின் பின்னறையில் இன்னமும் விண்டோஸ் எக்ஸ்பி ஓடுகிற மெஷின், அதில் சப்ளையர்மாரோடு எழுதிய பழைய மெயில் முழுக்க எக்ஸ்பியோடு வந்த மெயில் புரோகிராமான அவுட்லுக் எக்ஸ்பிரஸில், அதை நேரே விண்டோஸ் 11-க்குக் கொண்டுவர வேண்டும் என்று வருகிறவர்கள்தான் உண்மையில் கஷ்டப்படுகிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெயில் உண்மையிலேயே அழிந்துபோவது குறைவு. அது இருக்கிற இடத்தைப் புது புரோகிராம் பார்ப்பதில்லை, அல்லது பார்த்தாலும் அதற்கு அது விளங்குவதில்லை. அதனால் கீழே எந்த அறிகுறி உங்களுடையதாக இருந்தாலும், முதல் வேலையாக மெயில் கோப்பின் சைஸைப் பாருங்கள். நூற்றுக்கணக்கான எம்பி இருந்தால் மெயில் உள்ளே இருக்கிறது, பதறத் தேவையில்லை. சில பத்து கேபி மட்டும்தான் என்றால் நீங்கள் பார்ப்பது வெறும் கோப்பு, சரியான கோப்பு வேறெங்கோ கிடக்கிறது.

அடுத்தது, பழைய டிஸ்க்கில் நேரடியாக எதையும் செய்யாதீர்கள். யூசர் போல்டரை முழுசாகக் கொப்பி எடுத்து அந்தக் கொப்பியில் வேலை செய்யுங்கள். கடையில் கொடுத்திருந்தால் "அங்கிள், டேட்டா எல்லாம் எடுத்தாச்சு, போர்மட் பண்ணவா?" என்று தம்பி கேட்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் எடுத்தது மை டொகியூமென்ட்ஸும் டெஸ்க்டொப்பும், போட்டோக்களும். மெயில் அநேகமாக அந்த மூன்றிலும் இருக்காது, அதனால் "வேண்டாம், டிஸ்க்கை அப்படியே தாங்கோ" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பழைய டிஸ்க்கைப் புது மெஷினில் மாட்டினால் ஒன்றும் தெரியவில்லை

2000-களின் நடுப்பகுதிக்கு முந்திய டெஸ்க்டொப் என்றால் டிஸ்க் ஐடிஈ வகையாக இருக்கும், அகலமான தட்டை வயர் போகிறதே, அதுதான். புது மதர்போர்ட்களில் அந்த வாயே கிடையாது. ஐடிஈ, அதற்குப் பின் வந்த சாட்டா இரண்டையும் யூஎஸ்பிக்கு மாற்றுகிற அடப்டர் ஒன்று வேண்டும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கேட்டுப் பாருங்கள். வாங்கும்போது தனி பவர் சப்ளை கூட வருகிறதா என்று பாருங்கள், ஏனென்றால் 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும், யூஎஸ்பி வாய் தருவது 5 வோல்ட்தான். பவர் கொடுத்தும் தெரியாவிட்டால் டிஸ்க்கின் பின்னால் இருக்கிற குட்டி ஜம்பரைப் பாருங்கள், ஸ்லேவில் இருந்தால் மாஸ்டருக்கு மாற்றுங்கள். டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். அது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை, டேட்டா மீட்கிறவர்களிடம் போகிற வேலை.

டிஸ்க் திறக்கிறது, ஆனால் மெயில் போல்டரைக் காணவில்லை

அது மறைத்து வைக்கப்பட்ட போல்டர். விண்டோஸ் 11-இல் வியூ, ஷோ, ஹிடன் ஐட்டம்ஸ் என்று போய் டிக் போடுங்கள். பிறகு இந்த இடங்களில் தேடுங்கள்.

எக்ஸ்பியில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ்: டொகியூமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ், உங்கள் பெயர், லோக்கல் செட்டிங்ஸ், அப்ளிகேஷன் டேட்டா, ஐடென்டிட்டீஸ், பிறகு அடைப்புக்குறிக்குள் வாயில் நுழையாத நீளப் பெயரோடு ஒரு போல்டர், மைக்ரோசொஃப்ட், அவுட்லுக் எக்ஸ்பிரஸ். அந்த நீளப் பெயர் போல்டர் ஒன்றுக்கு மேல் இருக்கலாம், அப்படியென்றால் அந்த மெஷினில் யாரோ ஒரு காலத்தில் இரண்டாவது ஐடென்டிட்டி, அதாவது இன்னொருவருக்கான தனி மெயில் பகுதி, உருவாக்கியிருக்கிறார்கள். "மெயில் பாதிதான் வந்தது" என்று வருகிறவர்களில் பலருக்கு மிச்சப் பாதி இந்த இரண்டாவது போல்டருக்குள்தான்.

விண்டோஸ் 7-இல் மெயில் புரோகிராமே கூட வரவில்லை, அதனால் அநேகம் பேர் விண்டோஸ் லைவ் மெயில் போட்டிருந்தார்கள். அது யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசொஃப்ட், விண்டோஸ் லைவ் மெயில் என்ற இடத்தில். மொஸில்லாவின் இலவச மெயில் புரோகிராமான தண்டர்பேர்ட் என்றால் ஆப்டேட்டாவுக்குள் லோக்கல் அல்ல, ரோமிங். அதற்குள் தண்டர்பேர்ட், புரொஃபைல்ஸ். அவுட்லுக் மெயிலை வைக்கிற பிஎஸ்டி கோப்பு டொகியூமென்ட்ஸுக்குள் அவுட்லுக் ஃபைல்ஸ் என்ற போல்டரிலோ, பழைய பதிப்பு என்றால் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசொஃப்ட், அவுட்லுக்கிலோ கிடக்கும். இவ்வளவும் தேடச் சோம்பலாக இருந்தால் டிஸ்க் முழுக்க டிபிஎக்ஸ் (அவுட்லுக் எக்ஸ்பிரஸ்), பிஎஸ்டி (அவுட்லுக்), ஈஎம்எல் (விண்டோஸ் லைவ் மெயில்) என்ற நீட்டிப்புகளைத் தேடவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.

"அனுமதி இல்லை" என்று சொல்கிறது

விண்டோஸ் 7 அல்லது அதற்குப் பிந்திய டிஸ்க்கில் டொகியூமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸைத் திறக்கப் போய் இந்தச் செய்தி வந்தால் அதை விட்டுவிடுங்கள். அது உண்மையான போல்டரே இல்லை, யூசர்ஸ் போல்டரைக் காட்டுகிற ஒரு சுட்டி மட்டும்தான். யூசர்ஸ் வழியாகப் போங்கள்.

எக்ஸ்பி டிஸ்க்கில் வந்தால், பழைய விண்டோஸின் யூசரும் நீங்களும் ஒரே ஆள் என்று புது விண்டோஸுக்குத் தெரியவில்லை. கன்டினியூ அழுத்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகாவிட்டால் போல்டரில் ரைட் கிளிக், புரொப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்ட் என்று போய் ஓனர் இடத்தில் உங்கள் பெயரைப் போட்டு, உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் அதையே பொருத்தச் சொல்லும் பெட்டியிலும் டிக் போடுங்கள்.

அதன் பிறகும் கோப்பு மட்டும் திறக்க மறுத்தால் அது என்கிரிப்ட் செய்யப்பட்டிருக்கலாம், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கலாம். எக்ஸ்பியில் அப்படிப்பட்ட கோப்பின் பெயர் பச்சை நிறத்தில் தெரியும். இதை ஓனரை மாற்றிச் சரிசெய்ய முடியாது. பழைய மெஷினைப் பழைய யூசராகவே திறந்து, என்கிரிப்ஷனை எடுத்துவிட்டுத்தான் கொப்பி பண்ண வேண்டும். கடவுச்சொல் மறந்துவிட்டது என்று வெளியிலிருந்து சிடி போட்டு ரீசெட் பண்ணினால் அந்தக் கோப்புகளின் சாவியும் சேர்ந்து போய்விடும், அதை மட்டும் செய்யவே வேண்டாம்.

கொப்பி பாதியில் நிற்கிறது

பென் டிரைவில் 30 ஜிபி இடம் இருக்கிறது, 5 ஜிபி கோப்பை எடுக்க மாட்டேன் என்கிறது, கோப்பு பெரிதாக இருக்கிறதாம். பென் டிரைவ் ஃபாட்32 போர்மட்டில் இருக்கிறது என்று அர்த்தம். அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அவுட்லுக் எல்லாப் போல்டர்களையும், தண்டர்பேர்ட் ஒரு போல்டர் முழுவதையும் ஒரே கோப்பாக வைத்திருப்பதால் மெயிலில் இது அடிக்கடி மாட்டும். புது மெஷினில் பென் டிரைவை என்டிஎஃப்எஸ் ஆகப் போர்மட் பண்ணிக்கொண்டு வாருங்கள், எக்ஸ்பியும் அதைப் படிக்கும், எழுதும்.

நெட்வேர்க் கேபிள் போட்டு நேரே இழுக்கலாம் என்று பார்த்தால் இரண்டு மெஷினும் ஒன்றையொன்று பார்க்காது. எக்ஸ்பி பேசுவது எஸ்எம்பி 1 என்ற பழைய முறை. விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. திரும்ப இயக்குவதற்கு வழி உண்டு, ஆனால் பாதுகாப்புக் காரணத்துக்காக நிறுத்தியதை மெயிலுக்காகத் திறந்துவிடுவதை விட பென் டிரைவோடு நடப்பது நல்லது.

டிபிஎக்ஸ் கோப்புகள் கையில் இருக்கின்றன, திறக்க ஒன்றுமில்லை

அவுட்லுக் எக்ஸ்பிரஸ் எக்ஸ்பியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இல் அதை நிறுவ முடியாது, பெயர் கிட்ட இருக்கிறது என்பதற்காக அவுட்லுக்கால் டிபிஎக்ஸைத் திறக்கவும் முடியாது. இன்னும் ஒன்று, போல்டர்ஸ் என்ற பெயரில் இருக்கிற டிபிஎக்ஸ் கோப்பில் மெயில் இல்லை, அது போல்டர்களின் பட்டியல். உங்களுக்கு வேண்டியது இன்பொக்ஸ், சென்ட் ஐட்டம்ஸ், நீங்கள் உருவாக்கிய மற்ற பெயர்கள்.

எக்ஸ்பி மெஷின் இன்னும் ஓடுகிறது என்றால் அதை விட நல்ல வழி வேறு இல்லை. எக்ஸ்பிக்கு வந்த கடைசித் தண்டர்பேர்ட் 52 வரிசை, அதில் கடைசி 52.9.1. எக்ஸ்பியின் பிரவுசரால் இன்றைய தளங்கள் பெரும்பாலும் திறக்காது, அதனால் புது மெஷினில் மொஸில்லாவின் பழைய பதிப்புக் கிடங்கிலிருந்து இறக்கி பென் டிரைவில் கொண்டுபோங்கள். நிறுவியதும் கணக்கு எதையும் சேர்க்க வேண்டாம், டூல்ஸ், இம்போட் என்று போய் மெயில், அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்று தெரிவு செய்யுங்கள். முடிந்ததும் லோக்கல் போல்டர்ஸின் கீழ் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் மெயில் என்று ஒன்று தோன்றும். தண்டர்பேர்டை மூடிவிட்டு, அது மெயிலையும் அமைப்புகளையும் வைக்கிற போல்டரான புரொஃபைலுக்குள் மெயில், லோக்கல் போல்டர்ஸ் என்ற இடத்தைத் திறந்தால் அதே பெயரில் நீட்டிப்பு இல்லாத ஒரு கோப்பும், எஸ்பிடி என்று முடிகிற ஒரு போல்டரும் இருக்கும். இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்து, புது மெஷினில் தண்டர்பேர்ட் மூடியிருக்கும்போது, அதன் லோக்கல் போல்டர்ஸுக்குள் போடுங்கள். திறந்ததும் இடது பக்கம் வந்து நிற்கும். 52-இன் புரொஃபைல் முழுவதையும் தூக்கி இன்றைய பதிப்பின் மேல் போடச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை, பழைய அட்-ஒன்களும் பழைய சேவர் அமைப்புகளும் கூடவே வந்து வேறு தலையிடி கொடுக்கும். மெயிலை மட்டும் எடுங்கள்.

மெஷின் செத்துவிட்டது, டிஸ்க் மட்டும்தான் இருக்கிறது என்றால் அன்டிபிஎக்ஸ் என்ற இலவசக் கருவி இருக்கிறது, திறந்த மூலம். டிபிஎக்ஸ் இருக்கிற போல்டரைக் காட்டினால் ஒவ்வொரு மெயிலையும் தனித்தனி ஈஎம்எல் கோப்பாகப் பிரித்துத் தரும். பழுதான கோப்பிலிருந்து முடிந்ததை மீட்கிற வழியும் அதில் உண்டு. பிறகு தண்டர்பேர்டில் இம்போட்எக்ஸ்போட்டூல்ஸ் என்ஜி என்ற அட்-ஒனைப் போட்டு அந்த ஈஎம்எல் போல்டரை உள்போல்டர்களோடு இழுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் லைவ் மெயிலுக்கும் இதே அட்-ஒன் போதும், அது ஏற்கெனவே மெயிலை ஈஎம்எல்லாகத்தான் வைத்திருக்கிறது.

இன்பொக்ஸ் கோப்பு மட்டும் சின்னதாக இருக்கிறதா? அவுட்லுக் எக்ஸ்பிரஸ் அவ்வப்போது கோப்புகளைச் சுருக்கவா என்று கேட்கும். சுருக்கும் வேலை நடுவில் கரண்ட் போனால் கோப்பு கெட்டுப்போகும், யூபிஎஸ் இல்லாத வீடுகளில் இது சகஜமாக நடந்தது. சுருக்குவதற்கு முன்னால் இருந்ததை அது பிஏகே என்ற நீட்டிப்போடு ரீசைக்கிள் பின்னில் போட்டிருக்கலாம். பழைய டிஸ்க்கின் ரீசைக்கிளர் போல்டரைத் துழாவிப் பாருங்கள், கிடைத்தால் நீட்டிப்பை டிபிஎக்ஸ் என்று மாற்றி மேலே சொன்னதைச் செய்யுங்கள். சரியாக 2 ஜிபியில் நிற்கிற டிபிஎக்ஸ் என்றால் அது எல்லையைத் தொட்டு உடைந்த கோப்பு, அன்டிபிஎக்ஸின் மீட்பு வழிதான் ஒரே நம்பிக்கை.

பிஎஸ்டி திறக்கவில்லை, அல்லது பிழை காட்டுகிறது

முதலில் எந்த அவுட்லுக் என்று பாருங்கள். விண்டோஸ் 11-இல் தானாக வருகிற புது அவுட்லுக்கும், ஒபிஸோடு வருகிற கிளாசிக் அவுட்லுக்கும் பெயரில் மட்டும்தான் உறவு. பிஎஸ்டி வேலைக்குக் கிளாசிக்தான் வேண்டும். அதில் ஃபைல், ஓபன், அவுட்லுக் டேட்டா ஃபைல். இறக்குமதி என்று போவதை விட இப்படித் திறந்து, தேவையானதை இழுத்துப் போடுவது சுத்தமான வேலை.

சிடியிலிருந்து கொப்பி பண்ணிய பிஎஸ்டியில் ரீட்-ஒன்லி குறி ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். புரொப்பர்ட்டீஸில் அந்த டிக்கை எடுங்கள். சிடியில் வைத்தபடியே திறக்கப் பார்த்தால் திறக்காது, அவுட்லுக் அந்தக் கோப்பில் எழுதவும் வேண்டும். ஒன்டிரைவ் போல்டருக்குள்ளும் வைக்காதீர்கள், இரண்டும் ஒரே நேரத்தில் அந்தக் கோப்பைப் பிடித்து இழுக்கும்.

அவுட்லுக் 97 முதல் 2002 வரை உருவாக்கிய பிஎஸ்டிக்கு 2 ஜிபி எல்லை. 2003-இலிருந்து வந்த யூனிகோட் (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியாக்கம்) வகைக்கு 20 ஜிபி, 2010-இலிருந்து 50 ஜிபி. பழைய வகையில் தமிழும் ஒழுங்காக நிற்காது. அதனால் புதிதாக ஒரு பிஎஸ்டி உருவாக்கி மெயிலை அதற்குள் மாற்றிவிடுங்கள். கோப்பு பழுது என்று சொன்னால் ஒபிஸ் நிறுவிய போல்டரிலேயே ஸ்கேன்பிஎஸ்டி என்ற கருவி இருக்கிறது, அதைக் கொப்பியின் மேல் ஓட்டுங்கள். முதல் ஓட்டத்தில் முடியாவிட்டால் இன்னொரு தரம் ஓட்டலாம்.

கையில் இருப்பது ஓஎஸ்டி என்றால் விஷயம் வேறு. அது சேவரில் இருப்பதன் உள்ளூர் நகல், அதை உருவாக்கிய கணக்கோடு கட்டப்பட்டது. இன்னொரு மெஷினில் திறக்காது. பழைய மெஷினில் அவுட்லுக்கைத் திறந்து பிஎஸ்டியாக எக்ஸ்போட் பண்ணுங்கள், அல்லது கணக்கு இன்னும் உயிரோடு இருந்தால் புது மெஷினில் சேர்த்தாலே எல்லாம் திரும்ப வந்துவிடும்.

தண்டர்பேர்ட் புதிதாக நிறுவியது போலத் திறக்கிறது

பழைய புரொஃபைலை சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறீர்கள், ஆனால் அது தனக்கென்று ஒன்றை உருவாக்கி அதைத் திறந்துகொண்டிருக்கிறது. ஹெல்ப் மெனுவில் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷனைத் திறந்து, அதில் புரொஃபைல்ஸ் வரியில் இருக்கிற இணைப்பை அழுத்தினால் எல்லாப் புரொஃபைல்களும் தெரியும். பழையதை இயல்பானதாக அமைத்துவிட்டு மூடித் திறவுங்கள். பட்டியலில் பழையது இல்லையென்றால் அங்கேயே புதிதாக ஒன்றை உருவாக்கி, அதற்கான போல்டராகப் பழையதைக் காட்டலாம்.

போல்டர் பெயர் தெரிகிறது, உள்ளே ஒன்றுமில்லை என்றால் இங்கேதான் சைஸ் பார்ப்பது உதவும். நீட்டிப்பு இல்லாத இன்பொக்ஸ் கோப்பு பெரிதாக இருந்தால், அதன் பக்கத்தில் எம்எஸ்எஃப் என்று முடிகிற கோப்பை மட்டும் அழியுங்கள். அது வெறும் சுட்டிப் பட்டியல், அடுத்த தரம் திறக்கும்போது தானாக உருவாகும். நீட்டிப்பு இல்லாத கோப்பை மட்டும் கை தவறி அழித்துவிடாதீர்கள், மெயில் அதுதான்.

முதல் நாள் இருந்த இன்பொக்ஸ் அடுத்த நாள் காணாமல் போகிறது

அன்டிவைரஸின் வேலை. 2005-இல் யாரோ அனுப்பிய வைரஸ் மெயில் ஒன்று அந்தக் குவியலில் கிடந்திருக்கும், பழைய மெஷினில் அது யாருடைய கண்ணிலும் படவில்லை. புது மெஷினின் ஸ்கேனருக்கு ஒரு இன்பொக்ஸ் என்பது ஒரே ஒரு கோப்பு, அதனால் ஒரு தக்காளி அழுகியதற்காகக் கூடையோடு தூக்கி எறிந்துவிடுகிறது. அழிக்கவில்லை, குவாரண்டீனில் வைத்திருக்கும். விண்டோஸ் செக்யூரிட்டியில் புரொட்டெக்ஷன் ஹிஸ்டரியைத் திறந்து அங்கிருந்து மீட்டெடுங்கள். பிறகு மெயில் போல்டரைத் தற்காலிகமாக ஸ்கேனிலிருந்து விலக்கி, அந்த மெயிலைத் தேடி அழித்து, குப்பையையும் காலியாக்கி, போல்டரைச் சுருக்குங்கள். சுருக்காவிட்டால் அழித்த மெயில் கோப்புக்குள் அப்படியே கிடக்கும், விலக்கலை எடுத்ததும் திரும்பவும் அதே கதை.

கணக்கைச் சேர்த்தேன், பழைய மெயில் வரவில்லை. அல்லது எல்லாம் இரண்டிரண்டாக வருகிறது

இரண்டுக்கும் காரணம் பொப், மெயிலைச் சேவரிலிருந்து மெஷினுக்கு இறக்கிவைக்கிற பழைய முறை. பழைய புரோகிராம் மெயிலை இறக்கிவிட்டுச் சேவரில் அழித்திருந்தால், புது மெஷினில் ஐமேப் (மெயிலைச் சேவரிலேயே வைத்துக் காட்டுகிற முறை) போட்டாலும் சேவரில் இருப்பதைத்தானே காட்டும். பழையது டிஸ்க்கில் மட்டும். சேவரில் நகல் விட்டிருந்தால் தலைகீழ்: எதை ஏற்கெனவே இறக்கியது என்ற குறிப்பு புது மெஷினில் இல்லை, அதனால் எல்லாவற்றையும் திரும்ப இறக்குகிறது. தண்டர்பேர்டில் அந்தக் குறிப்பு பொப்ஸ்டேட் என்ற கோப்பில் இருக்கிறது, மெயிலோடு அதையும் கொண்டுவந்தால் இரட்டிப்பு வராது.

கடவுச்சொல் சரி, ஆனாலும் ஏற்க மறுக்கிறது

ஜிமெயில் 2022 மே 30-இலிருந்து பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் கொடுத்து நுழைகிற பழைய முறையை நிறுத்திவிட்டது. ஹொட்மெயில், அவுட்லுக் டொட் கொம் கணக்குகளுக்கு 2024 செப்டெம்பர் 16. கணக்கு அமைப்பில் நுழையும் முறையை ஓஆத்2 என்று மாற்றுங்கள், பிரவுசர் பெட்டி திறந்து கடவுச்சொல்லை அங்கே கேட்கும். ஓஆத் தெரியாத பழைய புரோகிராம்தான் வேண்டுமென்றால் ஜிமெயிலில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் ஒன்று எடுத்துப் போடலாம்.

தமிழ் மெயில் எல்லாம் குப்பையாகத் தெரிகிறது

நம்மவர்களுக்கு இதுதான் பெரிய விஷயம், வேறு மொழிக்காரர் எழுதிய வழிகாட்டிகளில் இது இருக்காது. குப்பை என்றால் எல்லாம் ஒரே குப்பை இல்லை. ஒரு மெயிலைத் திறந்து உற்றுப் பாருங்கள்.

ஆங்கில எழுத்துகள், நடுநடுவே ஏகப்பட்ட அரைப்புள்ளிகள் என்றால் அது பாமினி, யூனிகோட்டுக்கு முந்திய தமிழ் எழுத்துரு. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில் இருக்கிறது, அதனால் "அம்மா" என்று அடித்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். பழைய மெஷினில் சரியாகத் தெரிந்ததற்குக் காரணம் அங்கே பாமினி எழுத்துரு நிறுவப்பட்டிருந்தது, வேறொன்றுமில்லை. பழைய டிஸ்க்கில் விண்டோஸ், ஃபொன்ட்ஸ் போல்டரிலிருந்து அந்தக் கோப்பை எடுத்துப் புதிதில் நிறுவுங்கள். எழுத்துருவின் பெயரையும் சேர்த்து அனுப்பிய மெயில்கள் உடனே சரியாகிவிடும். வெறும் எழுத்தாக அனுப்பியவை ஆகாது. அவற்றுக்கு தண்டர்பேர்டின் எழுத்துரு அமைப்பில் லத்தீனுக்குப் பாமினியை வைத்தால் படிக்கலாம், அந்த நேரம் ஆங்கில மெயில் எல்லாம் தமிழ் எழுத்தில் உளறும், படித்து முடித்ததும் திருப்பி மாற்றுங்கள்.

ஆனால் எழுத்துரு போட்டுப் படிப்பது படிக்க மட்டும்தான். தேடலில் யூனிகோட்டில் "காணி" என்று அடித்தால் பாமினியில் எழுதிய காணி அகப்படாது. முக்கியமான மெயில்களை யூனிகோட்டுக்கு மாற்றி வைப்பது நல்லது. என்எச்எம் கன்வேர்ட்டர் என்ற இலவச மென்பொருள் பாமினி, திஸ்கி (இன்னொரு பழைய தமிழ்க் குறியாக்கம்) இரண்டையும் மாற்றும், உங்கள் மெஷினிலேயே ஓடும். இணையத்தில் ஒட்டி மாற்றுகிற பக்கங்களும் இருக்கின்றன, உறுதி எண்ணும் அடையாள அட்டை எண்ணும் இருக்கிற மெயிலை அதில் ஒட்டுவதற்கு எனக்கு மனம் வராது.

தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, அதற்கு அடுத்து வட்டத்துக்குள் ஆர் போட்ட பதிவுக் குறி, பிறகு வேறேதோ, திரும்பவும் அதே ஏ, அதே வட்டம்: இந்த மாதிரி மூன்று மூன்றாக ஒரு தாளம் தெரிந்தால் அது நல்ல யூனிகோட்தான், தவறான குறியாக்கத்தில் படிக்கப்படுகிறது. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட், முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே, அதனால்தான் அந்தத் தாளம். தண்டர்பேர்டில் வியூ மெனுவில் எழுத்துக் குறியாக்கத்தைச் சரிசெய்யும் ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்கை அழுத்தினால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

ஐரோப்பிய எழுத்துகள் தாளம் இல்லாமல் கலந்து கிடந்தால் திஸ்கியாக இருக்கும், கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் 2000-ஐ ஒட்டி வந்த மெயில்களில் பார்க்கலாம். அதுவும் கன்வேர்ட்டர் வேலை.

பெட்டி பெட்டியாகத் தெரிந்தால் எழுத்துரு மட்டும் இல்லை, இன்றைய விண்டோஸில் தமிழ் காட்டுகிற நிர்மலா யூஐ எழுத்துரு கூடவே வருவதால் இது அரிது. வெறும் கேள்விக்குறிகள் என்றால், மன்னிக்கவும், அந்த நகலில் தமிழ் இல்லை. இடையில் ஏதோ ஒரு புரோகிராம் தமிழை எழுதத் தெரியாமல் கேள்விக்குறியை எழுதிவிட்டது. மாற்றிய கோப்பில் மட்டும் அப்படியா, மூலக் கோப்பிலும் அப்படியா என்று பாருங்கள். மூலத்தில் நன்றாக இருந்தால் மாற்றிய வழிதான் பிழை, வேறு வழியில் மாற்றுங்கள். மூலத்திலும் கேள்விக்குறி என்றால் அனுப்பியவரின் சென்ட் போல்டரைத்தான் கேட்க வேண்டும்.

எல்லா மெயிலிலும் இன்றைய திகதி

ஈஎம்எல்லாக இழுத்து ஐமேப் கணக்குக்குள் போட்டால் இது நடக்கும், சேவர் அதைப் பெற்ற நேரத்தைக் காட்டுகிறது. மெயிலின் உள்ளே உண்மைத் திகதி அப்படியே இருக்கிறது. பட்டியலில் ரிசீவ்ட் என்ற நிரலை எடுத்துவிட்டு டேட் என்ற நிரலை வையுங்கள்.

முகவரிப் புத்தகத்தில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறி, போன் எண்ணில் பூச்சியம் இல்லை

பெயர்கள் போனது சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக) எக்ஸ்போட் பண்ணியபோது. பழைய அவுட்லுக் எழுதுகிற சிஎஸ்வி யூனிகோட் இல்லை. கொன்டக்ட்ஸை பிஎஸ்டியோடு சேர்த்தே கொண்டுவந்தால் பெயர்கள் தமிழிலேயே வரும்.

பூச்சியத்தைத் தின்றது எக்செல். சிஎஸ்வியை டபுள் கிளிக் பண்ணித் திறந்தால் 077 என்று தொடங்குகிற எண்ணை அது கணக்கு எண் என்று நினைத்து 77 ஆக்கிவிடும், +94 என்றிருந்தால் கூட்டல் குறியைக் கழற்றிவிடும், நீங்கள் சேவ் அழுத்தியதும் அது நிரந்தரமாகிவிடும். வெறும் கோப்பு ஒன்றைத் திறந்து, டேட்டா மெனுவில் ஃப்ரம் டெக்ஸ்ட் சிஎஸ்வி வழியாக உள்ளே எடுங்கள். கோப்பு யூடிஎஃப்-8 என்றால் ஃபைல் ஒரிஜினில் 65001 என்பதைத் தெரிவு செய்யுங்கள், போன் எண் நிரலை டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு லோட் பண்ணுங்கள். எக்செலில் திருத்த ஒன்றும் இல்லையென்றால் அதைத் திறக்கவே வேண்டாம், சிஎஸ்வியை நேரே மெயில் புரோகிராமுக்குக் கொடுங்கள்.